முதலில் கேம் பட்டியல், பிறகு ஓ.எஸ்.: வாசகர் கேள்வி–பதில்

விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துபோனது. அதையொட்டி வந்த கடிதங்களில் ஒரே கேள்விதான் பல உருவத்தில் திரும்பத் திரும்ப வருகிறது: விண்டோஸ் 11-க்குப் போவதா, லினக்ஸுக்கு மாறுவதா, மாறினால் பழைய கேம் ஓடுமா? எங்கள் பதிலும் ஒன்றுதான். ஆடுகிற கேம்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது வெளிவந்த ஆண்டைக் குறியுங்கள். எந்த ஓ.எஸ். என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

கே: ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 480 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 11 ஏறாது என்கிறார் கடைக்காரர். நான் ஆடுவது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2; பையன் ஆடுவது வேலரன்ட். மொத்தமாக லினக்ஸ் போட்டுவிடலாமா?
வாசகர், கோயம்புத்தூர்

ப: கடைக்காரர் சொன்னது சரி. விண்டோஸ் 11 பொதுவாகக் கேட்பது இன்டெல் எட்டாம் தலைமுறை, ரைசன் 2000 வரிசை அல்லது அவற்றுக்குப் பிந்தைய சிப். கூடவே டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி. ஆனால் மொத்தமாக லினக்ஸ் போட்டால் உங்கள் கேம் ஓடும், பையனுடையது ஓடாது. வேலரன்டின் வேன்கார்டு என்கிற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் உட்கார்ந்து வேலை செய்வது. விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டித் தரும் வைன், ப்ரோட்டான் எதுவும் அதற்கு மாற்றாகாது. சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ வலுக்கட்டாயமாக ஏற்றிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். விண்டோஸ் 11-இல் வேன்கார்டு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் இயங்குகிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் கேம் திறக்காது.

ஆகவே ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஓ.எஸ். வைத்துக்கொள்ளும் இரட்டை பூட்தான் உங்களுக்கு வழி. விண்டோஸ் 10 பையனுக்கு. தனிநபர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2026 அக்டோபர் 13 வரை வரும். பேங்க் வேலை, இணையம், உங்கள் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் எல்லாம் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டில். செய்யும் வரிசை முக்கியம்.

முதலில் டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதி வையுங்கள். அடுத்து, விண்டோஸின் பவர் அமைப்பில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். இதை விட்டுவிடுகிறவர்கள்தான் பிறகு "லினக்ஸில் டி டிரைவில் எதையும் எழுத முடியவில்லை" என்று எழுதுகிறார்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதி உறக்கத்தில்தான் போகிறது. அந்த நிலையில் இருக்கும் டிரைவை லினக்ஸ் படிக்க மட்டும் அனுமதித்துத் திறக்கும். இதற்குப் பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கி 100 ஜிபியைக் காலியாக விடுங்கள். 8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் கொண்டு மின்ட்டை எழுதி, அதிலிருந்து பூட் செய்து, அந்தக் காலி இடத்தில் நிறுவுங்கள்.

அடுத்து நடக்கிற தவறு, ஸ்டீம் லைப்ரரியை இரண்டு ஓ.எஸ்-ஸுக்கும் பொதுவாக விண்டோஸ் டிரைவிலேயே வைப்பது. ப்ரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு போலி சி டிரைவை உண்டாக்குகிறது. அதில் முக்காற்புள்ளி வரும் பெயர்கள் இருக்கும். விண்டோஸ் டிரைவின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் அப்படிப்பட்ட பெயரை ஏற்காது. கேம் இறங்கும், பிளே அழுத்தினால் ஒரு நொடி சுற்றி நின்றுவிடும். லினக்ஸ் லைப்ரரியை லினக்ஸ் பகுதியிலேயே வையுங்கள்.

இன்னொன்று: விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டினால் பேட்டரியைக் குறை சொல்லி மாற்ற வேண்டாம். மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்கின்றன. இந்திய நேரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஐந்தரை மணி. லினக்ஸ் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளையைக் கொண்டு மதர்போர்டு கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் தீர்ந்தது.

கே: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இன் பழைய சிடி. விண்டோஸ் 10-இல் கேம் திறக்கிறது. ஆனால் புல் சிவப்பாகவும் தண்ணீர் ஊதாப் புள்ளிகளாகவும் தெரிகிறது. கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டதா?
வாசகர், சேலம்

ப: கார்டில் ஒரு குறையும் இல்லை. 1999-இல் வந்த அந்த கேம் 256 நிறங்களில் இயங்குவது. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் அது நிறத்தை எழுதிவைப்பதில்லை. 0 முதல் 255 வரை ஓர் எண்ணை மட்டும் எழுதுகிறது. 57 என்றால் புல் பச்சை, 58 என்றால் கொஞ்சம் கருத்த பச்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்கிற அட்டவணை தனியாக இருக்கும். அதற்குப் பெயர் பேலட். கேம் ஓடும்போது பின்னால் இருக்கும் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரும் அதே அட்டவணையில் தன் நிறங்களைப் போய் எழுதிவிடுகிறது. எண் அப்படியே இருக்கிறது, நிறம் மாறிவிடுகிறது. அதனால்தான் படம் குலையாமல் வண்ணம் மட்டும் குலைகிறது.

டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை மூடிவிட்டு ஆடுவது பழைய கைவைத்தியம். பலன் உண்டு, ஆனால் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். நிலையான தீர்வு சிஎன்சி-டிடிரா என்கிற இலவச மென்பொருள். அதில் உள்ள டிடிரா டிஎல்எல் கோப்பையும் அதன் ஐஎன்ஐ கோப்பையும் கேமின் இஎக்ஸ்இ எந்தக் கோப்புறையில் இருக்கிறதோ அங்கேயே போடுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மூல கேமின் இஎக்ஸ்இ வெளிக் கோப்புறையில் இருக்கும். கான்கரர்ஸ் விரிவாக்கத்தின் இஎக்ஸ்இ உள்ளே ஏஜ்2 எக்ஸ்1 என்ற துணைக் கோப்புறையில் இருக்கும். ஆடுவது கான்கரர்ஸ் என்றால் டிஎல்எல்லும் அந்தத் துணைக் கோப்புறைக்குள் போக வேண்டும். அதன் பிறகு 8-பிட் நிற வேலையை அந்த டிஎல்எல் எடுத்துக்கொள்ளும். எக்ஸ்ப்ளோரரால் கை வைக்க முடியாது.

நண்பரோடு லேனில் ஆடும் எண்ணம் இருந்தால், விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் லெகசி காம்போனென்ட்ஸ் என்பதன் கீழ் டைரக்ட்பிளேயை இரண்டு கம்ப்யூட்டரிலும் இயக்க வேண்டும். ஃபயர்வாலில் கேமுக்கு அனுமதியும் தர வேண்டும்.

கே: 1996, 97 தொடங்கி வாங்கிய ஒரிஜினல் சிடிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. செட்டப்பைத் தட்டினால் "இந்த ஆப் உங்கள் பிசியில் இயங்காது" என்று வருகிறது. சிலவற்றை நிறுவ முடிகிறது, ஆனால் தொடங்க மறுக்கின்றன. காம்பேட்டிபிலிட்டி மோடில் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாயிற்று.
வாசகி, பெங்களூரு

ப: உங்கள் பெட்டியில் இரண்டு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் காம்பேட்டிபிலிட்டி மோடு மருந்தல்ல.

செட்டப்பே ஓடாத சிடிகளில் கேம் பெரும்பாலும் 32-பிட்டாகத்தான் இருக்கும். ஆனால் அதை நிறுவும் செட்டப் 16-பிட். 64-பிட் விண்டோஸில் 16-பிட் புரோகிராமை ஓட்டும் பகுதியே கிடையாது. விண்டோஸ் 11 64-பிட்டாக மட்டுமே வருவதால் அங்கே வேறு போக்கும் இல்லை. இது சிப்பின் இயலாமை அல்ல என்பதைக் கவனியுங்கள். இன்றைய சிப்களும் 16-பிட் விண்டோஸ் கட்டளைகளைச் செயல்படுத்த வல்லவை. லினக்ஸில் வைன் அதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. அதனால்தான் விண்டோஸுக்கென்றே எழுதிய அந்த செட்டப் விண்டோஸ் 11-இல் படுத்துக்கொண்டு, லினக்ஸில் எழுந்து ஓடுகிறது. 1995 முதல் 2000 வரையிலான கேம்கள் உங்கள் தாளில் அதிகம் என்றால் இதற்காகவே லினக்ஸைச் சிபாரிசு செய்வோம். வைனில் 32-பிட் ப்ரீஃபிக்ஸ் (தனிப் போலி விண்டோஸ் கோப்புறை) ஒன்றை உருவாக்கி அதற்குள் செட்டப்பை ஓட்டுங்கள். விண்டோஸிலேயே இருக்க விரும்பினால் ஓடிவிடிஎம் என்கிற இலவசக் கருவி, வைனின் அந்தப் பகுதியை விண்டோஸுக்குக் கொண்டுவருகிறது. அதன் புரோகிராம் ஐகான்மீது செட்டப் கோப்பை இழுத்துப் போட்டால் போதும்.

நிறுவிய பிறகு தொடங்க மறுப்பவை வேறு ரகம். ஏறத்தாழ 1998-இலிருந்து பத்தாண்டுகள் வந்த பல கேம்கள் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்போடு வந்தன. சிடி அசலா என்று பார்க்க அது ஒரு டிரைவரை நம்பியிருந்தது. அந்த டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்க்கவே இல்லை. 2015 செப்டம்பரில் ஓர் அப்டேட் மூலம் விண்டோஸ் 7, 8-இலும் முடக்கியது. ஆகவே காசு கொடுத்து வாங்கிய அசல் சிடிதான் இன்று ஓடாமல் நிற்கிறது. இது வாங்கியவருக்கு நேர்ந்த அநியாயம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. அதற்காக, ஊர் பேர் தெரியாத தளத்தில் நோ-சிடி கோப்பைத் தேடிப் போகாதீர்கள். அப்படி வரும் இஎக்ஸ்இ-யில் வைரஸ் ஒட்டியிருப்பது சகஜம். கேம்களை விற்கும் ஜிஓஜி தளத்தில் அதே கேம் இருந்தால் நகல் தடுப்பு நீக்கப்பட்டுக் கிடைக்கும். ரோலர்கோஸ்டர் டைகூன் 2 போன்றவற்றுக்கு ஓபன்ஆர்சிடி2 என்ற திறந்த மூல எஞ்சின் இருக்கிறது. உங்கள் சிடியிலிருந்து நிறுவிய தரவுக் கோப்புகளை அதற்குக் காட்டினால் போதும், சிடி சோதனையே வராது.

கே: டாஸ் கேம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் சில கேம்கள் ஆட முடியாத வேகத்தில் ஓடுகின்றன, சில தடுமாறுகின்றன. சிலவற்றில் சத்தமும் இல்லை. சரியான அளவு என்ன?
வாசகர், யாழ்ப்பாணம்

ப: எல்லா கேமுக்கும் ஒரே அளவு இல்லை. டாஸ் காலத்துப் புரோகிராமர்கள் பலர் "இத்தனை முறை சும்மா சுற்று" என்று எழுதித்தான் வேகத்தைக் கட்டுப்படுத்தினார்கள். சிப் வேகமாகும்போது அந்தச் சுற்றும் சீக்கிரம் முடிந்துவிடும். வேகமான சிப்பில் தறிகெட்டு ஓடும் கேமுக்கு 1990-இல் வந்த விங் கமாண்டர் நல்ல உதாரணம்.

டாஸ்பாக்ஸில் இதற்கான அளவு சைக்கிள்ஸ். முதல் ஐபிஎம் பிசியின் 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்குச் சுமார் 300, 286-க்கு 3,000-க்குள், 33 மெகாஹெர்ட்ஸ் 386-க்கு 6,000 முதல் 8,000, 66 மெகாஹெர்ட்ஸ் 486-க்கு 25,000 பக்கம். கேம் வெளிவந்த ஆண்டுக்கு ஓரிரு வருடம் முந்தைய சிப்பை மனத்தில் வைத்துத் தொடங்குங்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல் எஃப்12 கூட்டும், கன்ட்ரோல் எஃப்11 குறைக்கும். சரியான எண் சாளரத்தின் தலைப்பில் தெரியும். அதைக் குறித்துக்கொண்டு அந்த கேமுக்கென்று தனி கான்ஃபிக் கோப்பில் எழுதிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேக்ஸ் என்று வைப்பதுதான் உங்கள் முதல் சிக்கலுக்குக் காரணம். "ரன்டைம் எரர் 200" என்று வந்து நின்றாலும் இதே காரணம்தான்: டர்போ பாஸ்கலில் எழுதிய புரோகிராம் தொடக்கத்தில் சிப்பின் வேகத்தை அளக்கும், மிக வேகமான சிப்பில் அந்தக் கணக்கு வகுத்தலில் உடைந்துவிடும். சைக்கிள்ஸைக் குறைத்துத் தொடங்குங்கள்.

சத்தத்துக்கு, கேம் கோப்புறையில் உள்ள செட்டப் அல்லது செட்சவுண்ட் புரோகிராமை ஒருமுறை ஓட்டி சவுண்ட் பிளாஸ்டரைத் தேர்ந்தெடுங்கள். முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1. பழைய கேம்கள் பல ஐஆர்க்யூ 5 என்று தாமே முடிவு செய்துகொள்ளும். டாஸ்பாக்ஸின் இயல்பு 7. சத்தம் வராததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதில் விண்டோஸா லினக்ஸா என்ற கேள்விக்கே இடமில்லை. டாஸ்பாக்ஸுக்குள் இரண்டும் ஒன்றே.

கே: மேக்புக் ஏர் எம்1-இல் பழைய கேம்கள் ஆடலாமா?
வாசகி, சிங்கப்பூர்

ப: டாஸ் கேம்கள் என்றால் தாராளமாக. மேக்குக்கென்றே வந்த பழைய 32-பிட் கேம்கள் ஓடாது. 2019-இல் வந்த கேட்டலினா என்ற மேக் ஓ.எஸ்-ஸோடு அவற்றுக்கு ஆப்பிள் கதவடைத்துவிட்டது. விண்டோஸ் கேம்களுக்குக் காசு கொடுத்து கிராஸ்ஓவர் என்ற மென்பொருளை வாங்கலாம், வாங்கும் முன் அதன் சோதனைப் பதிப்பில் உங்கள் கேமை ஓட்டிப் பாருங்கள். பழைய கேமுக்காகவே புதிதாக மேக் வாங்குவதாக இருந்தால் வேண்டாம் என்போம்.

கே: தமிழக அரசின் இலவச மடிக்கணினி, 2 ஜிபி ராம். முன்பு பாஸ் லினக்ஸும் விண்டோஸ் 7-உம் இருந்தன. இப்போது எது போட்டால் ஓடும்? தமிழ் டைப்பிங்கும் வேண்டும், சின்னச் சின்ன கேமும் வேண்டும்.
வாசகர், விருதுநகர்

ப: ஓ.எஸ். மாற்றும் முன் ஹார்ட்டிஸ்க்கை மாற்றுங்கள். அந்த மடிக்கணினி திணறுவதற்குப் பாதிக் காரணம் சுழலும் ஹார்ட்டிஸ்க். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 240 ஜிபி போதும். ராமையும் 4 ஜிபியாக்க முடிந்தால் ஆக்குங்கள். டிடிஆர்3 என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பழைய சில்லில் டிடிஆர்3எல் என்று எழுதியிருந்தால் அது 1.35 வோல்ட் ரகம். அந்த வோல்ட்டுக்கென்றே அமைந்த போர்டில் 1.5 வோல்ட் சில்லைச் செருகினால் திரையே வராது. எல் ரகம் பொதுவாக இரண்டிலும் வேலை செய்யும், எனவே அதையே கேட்டு வாங்குங்கள்.

லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு உங்களுக்குப் பொருந்தும். 2 ஜிபியில் மின்ட் எழுந்துவிடும், ஆனால் பிரவுசரில் நான்கைந்து டேப் திறந்தால் தவிக்கும். தமிழுக்கு ஐபஸ், எம்17என் இரண்டையும் நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு எல்லா விசைமுறையும் கிடைக்கும். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் குழப்ப எழுத்தாகத் தெரிந்தால், அந்த எழுத்துருக் கோப்பை நிறுவியதும் லிப்ரேஆஃபிஸில் படிக்க முடியும். ஆனாலும் முக்கியமானவற்றை யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள்.

கேம் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. லினக்ஸில் கேம்களை நிறுவி ஓட்ட உதவும் லூட்ரிஸில் விண்டோஸ் கேம் எதைப் போட்டாலும் கறுப்புத் திரை வந்தால், ரன்னர் அமைப்பில் டிஎக்ஸ்விகே-யை அணையுங்கள். விண்டோஸ் கேமின் கிராஃபிக்ஸை வல்கன் என்ற முறைக்கு மாற்றித் தருவது அது; இப்போதைய டிஎக்ஸ்விகே வல்கன் 1.3 கேட்கிறது, இன்டெல் நான்காம் தலைமுறையும் அதற்கு முந்தைய கிராஃபிக்ஸும் அதைத் தருவதில்லை. அணைத்துவிட்டால் வைன் பழைய ஓபன்ஜிஎல் வழியில் போகும். 2003-க்கு முந்தைய கேம்களுக்கு அதுவே போதும்.

கே: எக்ஸ்பி-யில் இருந்த பின்பால் ஏன் காணாமல் போனது? திரும்பக் கிடைக்குமா?
வாசகி, திருச்சி

ப: 64-பிட் விண்டோஸுக்கு மாற்றியபோது பந்து எதன்மீதும் மோதாமல் பலகையை ஊடுருவி விழுந்தது. மைக்ரோசாஃப்ட்டின் ரேமண்ட் சென் அதைத் தேடிப் பார்த்தார். குறிப்பில்லாத, வெளியார் எழுதிய நிரல், பிழை பிடிபடவில்லை. அதனால் விஸ்டாவில் அதைச் சேர்க்கவில்லை. பழைய 32-பிட் பின்பால் இன்றும் விண்டோஸ் 11-இல் ஓடும். எக்ஸ்பி கம்ப்யூட்டர் கைவசம் இருந்தால் ப்ரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் என்டி, அதற்குள் பின்பால்: அந்தக் கோப்புறையை அப்படியே நகலெடுங்கள். நிறுவ வேண்டியதே இல்லை.

கே: பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா உண்மையிலேயே நல்ல கேமா, அல்லது பழசு என்பதால் புகழ்கிறோமா? மகளுக்குக் காட்டலாம் என்று திறந்தால், முதல் லெவல் முடிந்ததும் ஏதோ பாட்டிலைக் குடிக்கச் சொல்லிக் கொன்றுவிடுகிறது.
வாசகர், மதுரை

ப: நல்ல கேம்தான், சந்தேகம் வேண்டாம். 1989-இல் ஆப்பிள் 2-க்காக ஜோர்டன் மெக்னர் எழுதியது. தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்து வீடியோ எடுத்து, அந்த அசைவுகளைப் படம் படமாக வரைந்து சேர்த்தார். அந்த இளவரசன் ஓடத் தொடங்க ஓர் அடி எடுத்துக்கொள்கிறான், நிற்கவும் ஓர் அடி சறுக்குகிறான். இன்றைய கேம்களில் பழகியவர்களுக்கு "பட்டன் லேட்டாக வேலை செய்கிறது" என்று தோன்றும். உண்மையில் உடலுக்கு எடை இருக்கிறது. அந்த எடையைக் கணக்கிட்டுத் தாவுவதுதான் ஆட்டம். தரை முழுக்க சம அளவுக் கட்டங்களாகப் பிரிந்திருப்பதால், விளிம்புக்குச் சின்ன அடிகளாக வந்து நின்று தாவினால் ஒவ்வொரு முறையும் ஒரே தூரம். இதை மகளுக்கு முதலில் சொல்லிக்கொடுங்கள்.

கண்ணாடியிலிருந்து பிறக்கும் நிழல் மனிதனைப் பாருங்கள். நினைவகம் நிரம்பிப்போய் இன்னொரு எதிரியை வரைய இடமில்லாத நிலையில், இளவரசனின் அதே படங்களை ஒரு பிட் கணக்கால் நிறம் புரட்டி உருவாக்கியது. அவனை வெட்டினால் உங்கள் உயிர்தான் குறையும். வாளை உறையில் போட்டால்தான் வழி. இடப் பற்றாக்குறையிலிருந்து கதையின் மிகச் சிறந்த காட்சி வந்திருக்கிறது. இதைப் பழமை மோகம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். அதே காலத்தில் வந்த எத்தனையோ கேம்களை இன்று பத்து நிமிடம் ஆட முடியாது.

அந்த பாட்டில்கள் டாஸ் பதிப்பின் நகல் தடுப்பு. கையேட்டின் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல் என்று கேட்கும். அந்தச் சொல்லின் முதல் எழுத்துள்ள மருந்தைக் குடிக்க வேண்டும். எஸ்டிஎல்பாப் என்ற திறந்த மூலப் பதிப்பை விண்டோஸிலோ லினக்ஸிலோ போட்டால் அந்த அறை வராது. அறுபது நிமிடக் கெடு அப்படியே இருக்கும். அதை நீட்டாமல் ஆடுங்கள்.

கே: பழைய கேம் சிடிகளை ஐஎஸ்ஓ-வாக மாற்றி வைத்தேன். கேம் ஓடுகிறது, ஆனால் இசையைக் காணோம்.
வாசகர், தஞ்சாவூர்

ப: 1996-இன் குவேக், டூம் ரெய்டர் போன்ற கேம்களில் முதல் டிராக் மட்டும் தரவு, மீதி டிராக்குகள் பாட்டு சிடியில் இருப்பது போன்ற ஆடியோ. ஐஎஸ்ஓ முதல் டிராக்கை மட்டுமே எடுத்துக்கொள்ளும். பின் (.bin), க்யூ (.cue) என இரண்டு கோப்புகளாக எடுக்க வேண்டும். விண்டோஸில் இம்க்பர்ன் அதைச் செய்யும், லினக்ஸில் சிடிஆர்டிஏஓ (அது தரும் டாக் கோப்பை டாக்2க்யூ கருவியால் க்யூவாக மாற்ற வேண்டும்). எடுக்கும் முன் சிடியை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் டிராக்கின் போக்கிலேயே போகும், டிரைவால் சமாளிக்க முடியாது. வேகத்தை 8 எக்ஸுக்குக் குறைத்து எடுங்கள். டாஸ்பாக்ஸில் இம்க்மவுன்ட் கட்டளைக்கு க்யூ கோப்பைக் காட்ட வேண்டும். பின் கோப்பைக் காட்டினால் மறுபடியும் இசை வராது.